யார் துவைக்கப்போகிறார்கள்?

கையால் தைத்தோ, கொக்கி ஊசியால் குரோஷே பின்னியோ ஒருவருக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று. நான் விசாரிப்பது அந்த வீட்டில் துணி துவைப்பது யார் என்று. வாஷிங் மெஷினா, வீட்டு வேலைக்கு வரும் அக்காவா, தனியாக இருக்கும் பெரியவரா? குழாயில் வருவது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நூலைத் தொடுவேன். பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் அலுவலகத்தில் உடன் இருந்தவர்களுக்கும் பைகள், தொப்பிகள், விரிப்புகள் என்று எத்தனையோ போயிருக்கின்றன. அந்த வீடுகளுக்குப் போகும்போது என் கண் கூடத்தைவிட்டுத் துணி காயும் கொடிக்குத்தான் முதலில் போகும். நான் கொடுத்தது கொடியில் தொங்கினால் அது புழக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் எனக்கு மரியாதை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

என் நாத்தனார் வீட்டில் எல்லாத் துணிக்கும் ஒரே பக்கெட். சோப்புத் தூளும் வெந்நீரும் ஊற்றி, பள்ளிச் சீருடை முதல் தரை துடைக்கும் துணிவரை அதில் ஊறும். அவரைத் திருத்தும் எண்ணம் எனக்கு இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பவர், என் மேஜை விரிப்புக்காகத் தனி பக்கெட் வைப்பாரா? ஆகவே அந்த வீட்டுக்குப் போகும் எதுவும் அந்த பக்கெட்டைத் தாங்க வேண்டும்.

சாயத்தைச் சோதிப்பது எளிது. துணியிலோ நூலிலோ ஒரு துண்டை வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சோப்புக் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். எடுத்து, ஈரத்தோடு அதே வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை தெரிந்தால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். சிவப்பும் கருநீலமும் கறுப்பும்தான் அதிகம் காலை வாரும். உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றி விற்பனைக்கு வந்த துணியில் உப்பாலும் ஆகாது, வினிகராலும் ஆகாது. ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயம் தீரும்வரை அலசி அலசிப் பார்க்க வேண்டியதுதான்.

சாயம் போவதில் நம் ஊருக்கு உலகப் பெருமையே உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி, துவைத்ததும் சாயத்தைக் கக்கியது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு அந்தக் குறையையே குணமாக்கி, சாயம் போவது உறுதி என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரோடு அது அங்கே நாகரிகமாகிவிட்டது. நாத்தனாரிடம் அந்த வித்தை பலிக்காது.

சுருங்குவது அடுத்த சங்கதி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி போய், துணியும் சற்றுச் சுருங்கும். கதரும் கலம்காரியும் இதில் கூடுதல் தாராளம். வெளித்துணியை மட்டும் நனைத்துக் காயவைத்து, லைனிங் துணியை அப்படியே வைத்துத் தைத்த பை, முதல் சலவையிலேயே உள்ளே இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். இரண்டையும் வெட்டுவதற்கு முன் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும். இதைச் சோம்பலால் தள்ளிப்போடுபவர்கள் தையல் வகுப்பு நடத்துபவர்களிலேயே உண்டு.

நூலுக்கு வருகிறேன். கம்பளிக்கு ஒரு வேலையும் இல்லாத ஊர் இது. ஆனால் உலகத்தின் மிகப்பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸில் ஏறியது சென்னையில் பின்னிச் சேர்த்ததுதான். 2016 ஜனவரியில், 11,148.5 சதுர மீட்டர். மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்தாத ஊரில் அத்தனை போர்வை! பின்னும் ஆசைக்கும் தட்பவெப்பத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்று அந்தச் செய்தியைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். பரிசு கொடுக்கும்போது மட்டும் அந்தச் சம்பந்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உடம்பில் படுகிற எதற்கும் பருத்தி நூல்தான். அக்ரிலிக் நூலில் பின்னிய மேல்சட்டையைச் சித்திரையில் போட்டுக்கொண்டு மாநகரப் பேருந்தில் ஏறினால் தெரியும். ஆனால் அக்ரிலிக்கை நான் ஒதுக்கவில்லை. சீக்கிரம் காயும், சாயம் போவது அரிது, விலையும் குறைவு. வாசல் தோரணம், பொம்மை, சாவிக்கொத்து, கொலுப்படி ஓரத்துக்குப் பூ இவற்றுக்கு அதுவே சரி.

கடைகளில் ‘மில்க் காட்டன்’ என்று ஒரு நூல் கிடைக்கிறது. மெத்தென்று அழகாக இருக்கும். பெரும்பாலும் அக்ரிலிக் கலந்ததுதான். பெயரை நம்பாமல் ஓர் அங்குல நூலைக் கழுவுதொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். அடுப்படிக்கான பொருள் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கொதிக்கும் குக்கரைத் தூக்கப் பிடிதுணி பின்னிக் கொடுக்கிறீர்கள், நூல் அக்ரிலிக் என்றால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியிலும் ஒற்றை அடுக்கு போதாது. குரோஷேயில் கண்ணுக்குக் கண் ஓட்டை இருப்பதால் சூடு நேராக விரலுக்கு வரும். இரண்டு சதுரங்கள் நெருக்கமாகப் பின்னி, நடுவே பழைய தேங்காய்ப்பூத் துவாலையை வைத்துச் சுற்றித் தைத்துவிடுவேன். கறுப்பு, பழுப்பு, கரும்பச்சை தவிர வேறு நிறத்தில் பிடிதுணி செய்வது வீண். இளஞ்சிவப்பில் கொடுத்தால் அழுக்காகிவிடுமே என்று அலமாரியில் வைத்துவிட்டு, பழைய பனியனால்தான் பாத்திரத்தை இறக்குவார்கள்.

வாங்குவதற்கு எனக்குப் பிடித்த வழி, பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைச் சந்துகளுக்குள் நடப்பது. லேஸ், பொத்தான், ஜிப், நாடா, ஊசி எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். துணிக்கு கோடவுன் தெரு. அங்கே ஒரு மீட்டர் கேட்டால் சில கடைகளில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பொருட்படுத்தாமல் அடுத்த கடைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். அதே ரயிலில் இடையில் இறங்கினால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. கட் பீஸ் துணிக்கு அதை மிஞ்ச முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை அது. இன்றும் துணிதான் அங்கே மூச்சு. நூல் உருண்டையின் லேபிளில் நிறத்தின் எண்ணோடு, எந்தத் தடவை சாயம் ஏற்றியது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து லாட் எண் மாறினால், கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று தெரியும். தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்கிவிடுவது நல்லது. மிச்சமானால் பூ பின்னலாம்.

குழந்தைக்கான பரிசுதான் இருப்பதிலேயே அதிகம் யோசிக்க வைப்பது. குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். ஆகவே வளைகாப்புக்குத் தாய்க்குத்தான் ஏதாவது செய்வேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அறைகள் வைத்த துணிப்பை, பாலூட்டும்போது போர்த்திக்கொள்ள மெல்லிய மல் துணி, இப்படி. குழந்தை பிறந்த பிறகு ஜப்லா. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தான் போட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியின் சுகம் எந்தப் புதுத்துணியிலும் வராது. தாத்தாவின் வேட்டியை வாங்கி அதிலேயே ஜப்லா தைத்துக் கொடுத்தால், அந்த வீட்டில் நீங்கள் வேறெதுவும் கொடுக்கத் தேவையில்லை. தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி தையுங்கள். பார்க்கச் சற்று விநோதமாக இருக்கும், ஆனால் குழந்தையின் தோலில் உராயாது. நாடா முதுகுப் பக்கம், முடிச்சுப் போட மட்டும் நீளம் இருந்தால் போதும்.

குரோஷே காலுறையும் கையுறையும் படத்தில் கொள்ளை அழகு. நான் கொடுப்பதில்லை. உட்பக்கம் தளர்ந்த ஒரு நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். குழந்தை அழுவது எதற்கென்றே தெரியாமல் வீடே அல்லாடும். போர்வையும் அப்படித்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்குமிடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ பொம்மையோ இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஆகவே போர்வை கொடுத்தால் “தரையில் விரித்துக் குப்புறப் போட மட்டும்” என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். பொம்மைக்குப் பொத்தான் கண் வைக்கக் கூடாது. 3 வயதுவரை கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும். கண், மூக்கு எல்லாவற்றையும் நூலாலேயே போடலாம். முகத்தில் களை வேண்டுமானால் கண்களைச் சற்றுக் கீழிறக்கி, அகலத் தள்ளி வையுங்கள்.

பொம்மைக்குள் அடைக்க இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் ஒரு முறை தண்ணீரில் நனைந்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே காயவும் காயாது. துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் பஞ்சு கிடைக்கிறது. கொடுக்கும்வரை எடுத்து வைப்பதற்கு அந்துருண்டை கூடாது. அதில் இருக்கும் நாப்தலின், சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து பெட்டியில் போட்டுவிடுவேன்.

பெரியவர்களுக்குச் செய்ததில் எனக்குத் திருப்தி தந்தது என் பெரியப்பாவின் வாக்கருக்குத் தைத்த பை. இடுப்பு எலும்பு முறிந்து, அயனாவரத்தில் வீட்டோடு இருந்தார். இரண்டு கைகளும் வாக்கரில் இருப்பதால் மூக்குக் கண்ணாடியையும் செல்போனையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல், ஒவ்வொன்றுக்கும் பெரியம்மாவைக் கூப்பிடுவார். கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம், வருவதில் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய பழைய பேண்ட் துணியிலேயே மூன்று அறைகள் வைத்துத் தைத்தேன். கண்ணாடிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கைக்குட்டைக்கும் மாத்திரைக்கும் அகலமாக ஒன்று. அறையின் வாய்க்குப் பொத்தானோ ஜிப்போ வைக்கவில்லை. நடுங்கும் விரல்களுக்கு அவை எதிரி. மேலே மாட்டுவதற்கு வெல்க்ரோ. பையில் கனம் சேர்ந்தால் வாக்கர் முன்பக்கம் சாயும் என்பதால் தண்ணீர் பாட்டில் போகாத அளவுக்கு அறைகளைச் சிறிதாக வைத்தேன். “பேண்ட் பாக்கெட்டை வெளியே எடுத்து மாட்டிவிட்டாயே” என்றார் பெரியப்பா. பெரியம்மா அதில் விபூதிப் பொட்டலமும் வைத்துவிட்டார். பிறகு அவருடைய பிசியோதெரபிஸ்ட் கேட்டார் என்று இன்னொன்றும், அதைப் பார்த்து வேறொருவர் கேட்டு மற்றொன்றும் போயின.

ஆண்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். இந்த ஊரில் பைக் ஓட்டுகிற ஆணுக்கு ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்ளப் பருத்தித் தொப்பியைவிட உபயோகமானது இல்லை. வியர்வை ஹெல்மெட்டின் பஞ்சில் இறங்காமல் இதில் இறங்கும், தினமும் அலசிப் போடலாம். குரோஷேயில் பின்னினால் முடிச்சுகள் நெற்றியில் பதியும். பழைய டி-ஷர்ட் துணியில் தைப்பதே சரி. பனியன் துணிக்குக் குண்டுமுனை ஊசி போட வேண்டும், சாதாரண ஊசி இழைகளை அறுத்து ஓட்டை விழவைக்கும். என்னுடையது காலால் மிதிக்கும் பழைய மெஷின், நேர்த்தையல் மட்டும்தான் வரும். துணியை இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தால், போடும்போது தையல் பிரியாது. மற்றபடி ஊசி எண் எளிது. வாயில் (voile) போன்ற மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் தைத்துத் தையல் விட்டுவிட்டு விழுந்தால், மெஷினைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

காய்கறிப் பை பற்றிக் கொஞ்சம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்ததும், பிறகு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இறங்கியதும் பை தைப்பவர்களுக்குக் கொண்டாட்டம். வலைபோலப் பின்னிய குரோஷே பை அழகுதான், ஆனால் இரண்டு தேங்காய் போட்டால் முழங்கால்வரை இறங்கும், பச்சை மிளகாய் வழியில் உதிரும். அடிப்பாகத்தை ஜீன்ஸ் துணியில் தைத்து, அதன் விளிம்பில் குத்திய துளைகளிலிருந்து பின்னலை எழுப்பிவிட்டால் இரண்டு குறையும் தீரும். தோள்பட்டை வாரைப் பின்னலாக விடாமல், பின்பக்கம் பருத்தி நாடா வைத்துத் தைத்துவிடுங்கள்.

பட்டுப்புடவைக் குஞ்சம் தனிக் கலை. முந்தானை நுனியில் பட்டு நூலால் குரோஷேயில் வளைவு வளைவாகப் பின்னி, மணி கோத்து, குஞ்சம் தொங்கவிடுவார்கள். அழகு நிலையங்களில் இதற்கு நல்ல காசு வாங்குகிறார்கள். நெருங்கிய சிநேகிதியின் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியாது, புடவை அவளுடையது, நம் வேலை நுனியில் மட்டும். ஆனால் இங்கேயும் அதே கேள்விதான். பட்டுப்புடவை டிரை கிளீனிங்குக்குப் போகும், அந்தத் திரவம் மணியின் பூச்சை உரிக்குமா, குஞ்சத்தின் சாயம் வெளிர் பட்டில் இறங்குமா? மிச்ச நூலில் ஒரு குஞ்சமும் இரண்டு மணியும் கட்டி, சலவைக்காரரிடம் வேறு துணியோடு கொடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் மணி இல்லாமல் முடிச்சிலேயே செய்யுங்கள், அதுவே அடக்கமாக இருக்கும்.

நவராத்திரிக்குச் சுருக்குப் பை கொடுப்பதாக இருந்தால் ஆடியிலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் எதுவும் காயாது. ஈரம் முழுதாகப் போகாத பருத்திப் பின்னலை மடித்துப் பரிசுத் தாளில் சுற்றினால், திறக்கும்போது பூஞ்சை நெடிதான் முதலில் வரும். அந்த மாதங்களில் பொம்மைகளும் தோரணங்களும் செய்வேன். பின்னல் துணியைக் கொடியில் தொங்கவிடவும் கூடாது, தண்ணீர் கனத்தில் நீண்டுவிடும். துவாலையில் சுருட்டிப் பிழிந்து, பாயில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் விட்டுவிடலாம். இதையெல்லாம் வாங்குபவர் எப்படி அறிவார்? பருத்தி நாடாவில் அழியாத மையால் “தட்டையாகக் காயப்போடவும்” என்று தமிழில் எழுதி உள்ளே தைத்துவிடுகிறேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பரிசுத் தாளோடு குப்பைக்குப் போகும். வேலைக்கு வரும் அக்கா படிப்பது நாடாவைத்தான்.

படம் பார்த்துப் பின்னுபவர்களுக்கு ஒன்று. இணையத்தில் கிடைக்கும் குரோஷே குறிப்புகளில் அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறை என்று இரண்டு உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் அதே பின்னலை பிரிட்டிஷார் டபுள் என்பார்கள். குறிப்பின் தலைப்பில் எது என்று பார்க்காமல் தொடங்கினால் கைக்குட்டை போர்வையாகிவிடும்.

விலை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப்போவதில்லை. உறவில் ஒருவர், “சும்மாதானே இருக்கிறாய், பேத்தியின் பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட், நூறு பை தைத்துவிடேன், நூல் காசு தருகிறேன்” என்றார். தைக்கும் நேரம் அவர் கணக்கில் வரவே இல்லை. குரோஷேயை அச்சாகப் பின்னித் தள்ளும் இயந்திரம் சந்தையில் கிடையாது. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷே சட்டையையும் எங்கோ ஒருவர் கையால் கண் கண்ணாக எடுத்துத்தான் பின்னியிருக்கிறார். ஆந்திராவின் நரசாபுரத்தில் பெண்கள் தலைமுறைகளாகப் பின்னிவரும் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைகளுக்குச் சேரும் கூலியைக் கேட்டால் மனம் கசக்கும். நூறு பை கேட்டவரிடம் மறுத்துச் சண்டை போடவில்லை. “துணி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணி, வெட்டிக் கொடுக்கிறேன், சேர்ந்தே தைக்கலாம்” என்றேன். வந்தார். பத்துப் பை முடிவதற்குள் மீதிக்குப் பென்சில் டப்பா வாங்கிவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தப் பத்தும் பேத்தியின் நெருங்கிய தோழிகளுக்குப் போயின. அண்ணி இப்போது பக்கத்துத் தெருவில் புடவைக்கு பிக்கோ அடித்து, ஃபால்ஸ் வைத்துத் தரும் பெண்ணிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவ்வப்போது ஞாயிறு பிற்பகலில் குரோஷே ஊசியோடு வந்துவிடுகிறார். சங்கிலியை இறுக்கி இறுக்கிப் பின்னுவதால் அவர் கைக்கு 4 மில்லிமீட்டர் ஊசிதான் ஒத்துவருகிறது.